எலுபி சிஸ்டரின் வராந்தா

எங்கள் சுகாதார நிலையத்தின் வாசலில் நான் பதினாறு வருடமாக மண்டாசி சுட்டு விற்கிறேன். மாவை உருட்டி எண்ணெயில் போட்டு எடுக்கிற வேலைதான், ஆனால் நோயாளியும் டாக்டர் சீட்டும் என் அடுப்பைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. அதனால் எலுபி சிஸ்டரைப் பற்றி யாராவது பேச வந்தால் முதலில் என்னிடம் கேட்டுவிட்டுப் பேசட்டும். ஊரில் பாதிப் பேர் சொல்வது பொய். மீதிப் பேர் சொல்வது நான் சொல்லிக் கொடுத்தது.

முழுப் பெயர் எலுபி கொண்டோவே. மலாவியின் வடகோடியில், கரோங்காவில் பிறந்தவள். வயதில் என்னைவிடப் பத்து வருடம் சின்னவள், ஆகவே அவள் என்றே சொல்கிறேன். முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் உர லாரியின் முன்சீட்டிலிருந்து இறங்கினாள். ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, அவ்வளவுதான் சாமான். நேராக என் அடுப்புக்கு வந்து ஒரு மண்டாசி வாங்கிக் கடித்தாள்.

"எண்ணெய் பழசு," என்றாள்.

வந்த முதல் நாள், முதல் பேச்சு. ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. ஆனால் எண்ணெயை மாற்றினேன்.

அவளுக்கு முன்பு வந்த சிஸ்டர்கள் யாரும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. ஷிரே ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வெயில் அப்படி, கொசு அப்படி. மின்சாரம் பக்கத்து ஊரோடு நின்றுவிட்டது. இவளும் ஓடிப்போவாள் என்று ஊர்த் தலைவர் சம்பான்டே என்னிடம் ஒரு கோழி பந்தயம் வைத்தார். நான்தான் ஜெயித்தேன். கணவனைப் பற்றி ஒரு முறை கேட்டேன். "இருந்தான். இப்ப இல்ல. செத்துப் போகல," என்று சொல்லிவிட்டுத் தடுப்பூசிப் பெட்டியைக் கழுவப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, கேட்காமலிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும்.

விஷயம் வராந்தாவைப் பற்றியது.

எங்கள் நிலையம் ஆற்றின் இந்தக் கரையில் இருக்கிறது. அக்கரையில் ஒன்பது ஊர்கள், அங்கே மருந்து கொடுக்க ஒரு ஆள் கிடையாது. மழை பிடித்துவிட்டால் ஆறு வீங்கி ஓடம் நின்றுவிடும். எலுபி வந்த முதல் மழையில் அக்கரைப் பெண் ஒருத்திக்கு ஓடத்திலேயே வலி கண்டு, கரைக்கு வருவதற்குள் குழந்தை தலையைக் காட்டிவிட்டது. இவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று பிரசவம் பார்த்தாள். முதலை இருக்கிற ஆறு அது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுவாரமே எலுபி ஓடக்காரர்களிடம் சொல்லி அனுப்பினாள்: அக்கரைப் பெண்கள் நாள் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம், மூன்று வாரம் முன்னாலேயே வந்து இங்கே தங்கட்டும்.

பெண்கள் வந்துவிட்டார்கள். தங்க இடம்தான் இல்லை.

நிலையத்தில் இருப்பது மூன்று அறை. பிரசவக் கட்டில் இரண்டு. ஆகவே பெண்கள் முன் வராந்தாவில் பாய் விரித்தார்கள். மழைக்காலத்தில் பத்து, பன்னிரண்டு, ஒரு வருடம் பதினெட்டுப் பேர் கூட. "நான்தானே வரச் சொன்னேன்," என்று எலுபி அடிக்கடி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவர்களுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும், ஒரு சமையல் இடம், தனியாகக் கழிப்பறை. அது ஒன்றுதான் அவள் ஆசை. வேறெதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

வருடம் ஒரு கடிதம் எழுதினாள். மாவட்ட அலுவலகம் ஒரு வருடம் நிதி இல்லை என்றது. அடுத்த வருடம் நிதி வந்தது, ஆனால் விண்ணப்பிக்கும் நாள் முடிந்துவிட்டது என்றது. பிறகு ஊரார் பங்களிப்பு காட்ட வேண்டும் என்றார்கள். சரியென்று ஊரே சேர்ந்து செங்கல் அறுத்தோம். சூளை போட விறகுக்கு அனுமதிச் சீட்டு கேட்டோம். சீட்டு வருவதற்குள் மழை வந்து பச்சைச் செங்கல் எல்லாம் பழையபடி மண்ணாகிவிட்டது. ஒரு முறை மட்டும் உதவி என்று ஒரு லாரி நிஜமாகவே வந்தது. திறந்து பார்த்தால் கைகழுவச் சொல்லும் படங்கள், நாலாயிரம். ஒரு சோப்புக் கட்டி இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்தப் படங்களில் நான் இன்றைக்கும் மண்டாசி மடித்துத் தருகிறேன், நல்ல கெட்டித் தாள்.

பதினோராவது கடிதத்துக்குப் பதில் வந்தது. வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று, நேரில் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தது. பார்த்துப் பிடித்திருந்தால் வீடு.

இனி நடந்ததற்கு நான்தான் காரணம். மறைப்பதில் பிரயோசனமில்லை.

அவர்கள் வருவதாக இருந்த வாரம் எலுபி தடுப்பூசி வாங்க மாவட்டத் தலைநகருக்குப் போயிருந்தாள். விருந்தாளி வருகிற வீட்டை எப்படி வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேவாலயத்திலிருந்து திரைச்சீலை கொண்டுவந்தோம். தலைமையாசிரியர் வீட்டிலும் கடைக்காரர் வீட்டிலும் கேட்டு எட்டு மெத்தை வாங்கி அறைகளில் விரித்தேன். சுவருக்கு வெள்ளை அடித்தோம். வராந்தாவில் கிடந்த பெண்களை என்ன செய்வது? நிறைமாதக்காரிகள் சிமெண்டுத் தரையில் கிடப்பதை வருகிறவர்கள் பார்த்தால் ஊருக்கு என்ன மரியாதை? ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு வீட்டுக்குள் அனுப்பினேன். வராந்தாவைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, பூந்தொட்டி வைத்தேன்.

எலுபி வந்து இறங்கியபோது பின்னாலேயே அவர்கள் காரும் வந்துவிட்டது. அவள் வராந்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அதற்குள் மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அப்புறம் என்ன சொல்வது? பாட்டுப் பாடினோம், ஆடினோம். இரண்டு கோழியும் கெளுத்தி மீனும் சோளக்களியும் மண்டியிட்டுப் பரிமாறினோம். ஒருவர் மெத்தையை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். சிரித்துக்கொண்டே போனார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சமா?

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எலுபி எங்களை உட்காரவைத்து வாசித்தாள். நிலையம் சிறப்பாக இயங்குகிறது, படுக்கை வசதி போதுமான அளவில் உள்ளது, இதைவிடத் தேவை அதிகமான இடங்களுக்கு முன்னுரிமை தருகிறோம், உங்கள் உபசரிப்புக்கு மனமார்ந்த நன்றி.

"எட்டு மெத்தை யாருது, டோலிக்கா அக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"கடன் வாங்கினது, சிஸ்டர்."

"அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அதை எப்படிச் சொல்றது?"

"அப்ப பூந்தொட்டி?"

"அது என்னோடது," என்றேன், ஏதோ அது பெரிய சமாதானம் போல.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அத்தனை பேரும் இன்னொரு மழையும் வராந்தாவுலதான்," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதற்கென்ன.

மறுநாள் அவள் பன்னிரண்டாவது கடிதத்தை எழுதினாள். அது மாதிரி ஒரு கடிதம் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நீங்கள் பார்த்த மெத்தை ஒன்றும் இரண்டும் தலைமையாசிரியருடையவை. மூன்றிலிருந்து எட்டு வரை கடைக்காரருடையவை. திரைச்சீலை தேவாலயத்துடையது. பூந்தொட்டி மண்டாசி விற்கும் டோலிக்காவுடையது. எங்களுடையது வராந்தா மட்டும், அதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. அடியில் என்னையும் தலைவரையும் கையெழுத்துப் போடவைத்தாள். தலைவர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் பதிலா எனக்கு அபராதம் போட்டிருக்கலாம், சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

பிப்ரவரியில் ஒருவர் மட்டும் வருவதாகப் பதில் வந்தது. எலுபி சட்டம் போட்டாள். பெருக்கக் கூடாது. பாட்டு கூடாது. மெத்தை கூடாது. பெண்கள் எப்போதும் போல வராந்தாவில் படுத்திருக்க வேண்டும்.

"சாப்பாடு?" என்று கேட்டார் தலைவர்.

"தண்ணி குடுங்க, போதும்."

"பட்டினி போட்டா அனுப்பறது? எங்கப்பா கல்லறையில புரண்டு படுப்பாரு."

"புரண்டு படுக்கட்டும். இந்தப் பொண்ணுங்களுக்குப் புரண்டு படுக்கக்கூட இடமில்ல," என்றாள் எலுபி.

ஒத்திகை கூடப் பார்த்தோம். நான் காராக நடந்து வர, யாரும் எழுந்திருக்காமல் இருந்து பழக வேண்டும். பதினாறு பெண்களும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு வலியே வந்துவிடும் போலிருந்தது.

அந்த நாளும் வந்தது. முந்தின இரவு நல்ல மழை. கார் சந்தைக்கு அப்பால் சேற்றில் சிக்கிக்கொண்டது. அந்த அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேறாக, தனியாக நடந்து வந்தாள். கென்யாக்காரி, பெயர் நஃபுலா. எங்கள் மொழி தெரியாது, ஆங்கிலம்தான்.

ஒரு விருந்தாளி அப்படிச் சேறும் வியர்வையுமாக வந்து நிற்பதைப் பார்த்ததும் எலுபியின் சட்டமெல்லாம் போன இடம் தெரியவில்லை. தலைவர் தானே ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்தார், அதன் கால் ஒடிந்திருந்தது. என் மகள் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். பின்கட்டில் ஒரு கோழி கத்தி, கத்துவதை நிறுத்தியது. அது யார் கோழி என்று சொல்ல மாட்டேன். வராந்தாவின் ஓரத்தில் படுத்திருந்த பெலிட்டா என்ற அக்கரைப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒன்பது மாதம் முடிந்த வயிறு. தன் பாயை உதறி, சுத்தமான பக்கத்தை மேலே திருப்பிப் போட்டு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். நஃபுலா உட்கார்ந்தாள். பெலிட்டா வெறும் சிமெண்டில் உட்கார்ந்தாள்.

நஃபுலா நோட்டைத் திறந்தாள். எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும், மீதியை எலுபியின் முகத்தில் படித்துக்கொண்டேன். அந்த அம்மாள் கேட்டது சுலபமான கேள்வி. உங்களிடம் என்ன இல்லை, நீங்களே சொல்லுங்கள் என்றாள். கனிவாகக் கேட்டாள், அதுதான் வினையாகிவிட்டது.

பன்னிரண்டு கடிதம் எழுதியவள். எங்களுக்கெல்லாம் சட்டம் போட்டவள். என் எண்ணெய் பழசு என்று முதல் நாளே முகத்தில் அடித்த மாதிரி சொன்னவள். அவள் வெள்ளைக் கோட்டின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டு, "ஏதோ சமாளிச்சுக்கிட்டு இருக்கோம். பரவாயில்ல," என்றாள். நான் பின்னாலிருந்து கிள்ளினேன். "நல்லாத்தான் இருக்கோம்," என்றாள் மறுபடியும். தாளில் எழுத வரும், வாசலுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. அவளும் எங்களைப் போலத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நஃபுலா பேனாவை மூடப் போனாள்.

"சிஸ்டர், அந்தம்மா என்ன கேட்டாங்க?" என்றாள் பெலிட்டா.

"இங்க என்ன இல்லைன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

எலுபி கோட்டின் ஓரத்தை இன்னும் கசக்கினாள்.

"நான் இந்த ஊர்க்காரி இல்ல," என்றாள் பெலிட்டா. "நானும் இங்க வந்து தங்கினவதான், அவங்களும் வந்தவங்கதான். வந்தவ வந்தவகிட்ட சொன்னா யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்ல. நான் சொல்றேன், நீங்க அவங்க பாஷையில சொல்லுங்க. எதையும் விட்டுறாதீங்க."

பிறகு சொன்னாள், குரலை உயர்த்தாமல், சந்தையில் விலை சொல்கிற மாதிரி.

"நான் வந்து பத்தொன்பது நாளாச்சு. நாங்க பதினாறு பேர், தூண் ஏழு. தூண் கிடைச்சவ முதுகு சாய்ப்பா, கிடைக்காதவ உக்காந்தே இருப்பா. காலையில நோயாளிங்க வந்துட்டா பாயைச் சுருட்டிக்கிட்டு வெயில்ல நிக்கணும். கக்கூஸ் ஒண்ணுதான், வயித்துப்போக்குக்காரங்களும் அங்கதான். மழையில அடுப்பு எரியாது, அப்ப பச்சை மாவைத் தண்ணியில கரைச்சுக் குடிப்போம். குளிக்கிறதுன்னா ரெண்டு பேர் துணியைப் பிடிச்சு மறைக்கணும்."

எலுபி ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு, பிறகு நஃபுலாவை நேராகப் பார்த்து.

"என் தங்கச்சி மெரேனியா போன வருஷம் வர மாட்டேன்னுட்டா. சிஸ்டர் நல்லவங்கதான், ஆனா எல்லாரும் பாக்க வராந்தாவுல கிடக்க மாட்டேன், என் வீட்டுலயே படுத்திருக்கேன்னா. படுத்திருந்தா. ரத்தம் நிக்கல. ஓடம் வரல." பெலிட்டா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "அவ்வளவுதான். இதையும் சொல்லுங்க."

இது எலுபிக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. வராமல் போனவர்களின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எலுபி அதையும் நஃபுலாவிடம் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

நஃபுலா ஒன்றே ஒன்று கேட்டாள், அந்தத் தங்கையின் பெயரை எப்படி எழுதுவது என்று. எழுதிக்கொண்டாள். எழுந்து, பாயைத் தன் கையால் உதறி பெலிட்டாவின் பக்கம் விரித்தாள்.

சட்டத்தை மீறிப் பின்கட்டில் கோழி வெந்துவிட்டது. இனி மறைத்து என்ன? கொண்டுவந்து வைத்தோம். விருந்தாளிக்கென்று வைக்கும் இரைப்பைத் துண்டை நஃபுலா எடுத்துப் பெலிட்டாவிடம் நீட்டினாள். பெலிட்டா கூச்சப்படவே இல்லை. "நானும் வந்தவதானே," என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். பதினாறு பேரும் சிரித்தார்கள், எலுபி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

நாலாம் நாள் பெலிட்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆறு வடிந்ததும் அக்கரைக்குப் போய்விட்டாள்.

மே மாதம் கடிதம் வந்தது. இருபது பெண்கள் தங்க ஒரு வீடு, சமையல் கொட்டகை, குளியலறை, கழிப்பறை நாலு. கடிதம் வந்தால் வீடு வந்துவிடுமா? மாவட்டத்துக்காரர்கள் மூன்று தாளில் முத்திரை கேட்டார்கள். சிமெண்ட் லாரி ஒன்று வேறு ஊருக்குப் போய் அங்கே இறக்கிவிட்டது. எலுபி சைக்கிள் டாக்சியின் பின்சீட்டில் ஏறிப்போய் அந்த ஊர்த் தலைவரின் வாசலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, மூட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்தாள். "தண்ணி குடுத்தாங்க. வேணாம்னு சொன்னேன்," என்றாள் என்னிடம். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

நவம்பரில், மழைக்கு முன்பு, சுவர் எழும்பிக் கூரைத் தகடும் ஏறிவிட்டது. தரையில் சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாரம் பெலிட்டா குழந்தைக்கு அம்மை ஊசி போட வந்தாள். ஊசி போட்டு முடித்ததும் எலுபி அவள் கையைப் பிடித்துப் புது வீட்டுக்குள் அழைத்துப் போனாள். நானும் எண்ணெயை இறக்கி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். பெலிட்டா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன் நான்.

"நல்லா இருக்கு," என்றவள், கொஞ்சம் யோசித்தாள். "ஜன்னல்தான் ரொம்ப உயரம்."

பக்கத்தில் நின்ற கட்டட மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. "பிளான்படிதான் கட்டியிருக்கோம். இன்ஜினியர் போட்டது. எல்லா ஊர்லயும் ஜன்னல் இந்த உயரம்தான்."

"இருக்கட்டும். படுத்திருக்கறவளுக்கு ஆறு தெரியாதே," என்றாள் பெலிட்டா. "நான் ரெண்டு பிள்ளைங்களை அக்கரையில விட்டுட்டு வந்தேன். எங்க கரையில தண்ணி ஏறுதா, ஓடம் கிளம்புதான்னு பார்த்துக்கிட்டே படுத்திருப்பேன். அந்த வராந்தாவுல நல்லா இருந்தது அது ஒண்ணுதான்."

மேஸ்திரி எலுபியைப் பார்த்தார், இந்தப் பேச்சை முடித்துவையுங்கள் என்பது போல.

எலுபி காய்ந்தும் காயாத அந்தத் தரையில், வேலைக்குப் போட்ட வெள்ளை உடுப்போடு மல்லாந்து படுத்தாள். ஒருக்களித்தாள். ஜன்னலில் வானம் மட்டும் தெரிந்தது.

"இடிங்க," என்றாள்.

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலுக்குக் கீழே மூன்று வரிசைக் கல்லைப் பெயர்த்தார். எலுபி படுத்தபடியே, கண்ணைச் சுருக்கி, அக்கரையைத் தேடினாள். பெலிட்டாவும் குழந்தையை என்னிடம் தந்துவிட்டு அவள் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள்.

"தெரியுதா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"பாதி ஆறு தெரியுது," என்றாள் எலுபி. "இன்னும் ரெண்டு வரிசை எடுங்க."